வைக்கோல் கன்றுக்குட்டி

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் பால் நடந்து வந்தது, நான்கு காலில். விடியற்காலை இருட்டில் பால்காரர் பசுவை வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வருவார். பாட்டி திண்ணையோரம் நிற்பாள். கறப்பதற்கு முன் அவர் பித்தளைச் செம்பைக் கவிழ்த்துக் காட்டியாக வேண்டும். சொட்டுத் தண்ணீர் இல்லை என்று பாட்டிக்குத் திருப்தியான பிறகுதான் மடியில் கை வைக்கலாம். இன்று பெரிய கம்பெனிகள் கோடிகளைக் கொட்டி, பொருள் எங்கே பிறந்து எந்த வழியாக வருகிறது என்பது விற்பவன், வாங்குபவன், லாரிக்காரன் எல்லாருக்கும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று மென்பொருள் வாங்குகின்றன. என் பாட்டிக்கு அது இலவசமாகக் கிடைத்தது. தொழிற்சாலை, கிடங்கு, லாரி மூன்றும் ஒரே மாடு. அது வாசலிலேயே நின்று சாணி போட்டது.

அப்படியும் பாலில் தண்ணீர் இருந்தது. எப்படி என்பது பாட்டி சாகும்வரை துலங்கவில்லை. கடைசிக் காலத்தில் அவள் மாட்டையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தண்ணீரை அல்ல, பால்காரர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த இன்னொரு சாமானை. கன்று செத்துப்போனால் பசு பால் சுரக்காது. அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, தைத்து, பசுவின் மூக்குக்கு நேரே நிறுத்துவார்கள். பசு அதை நக்கும். பால் இறங்கும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. ஒரு காதில் வைக்கோல் எட்டிப் பார்க்கும். பசு அதையெல்லாம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இல்லாத தேவையை இருப்பதுபோல் காட்டி உற்பத்தியைக் கறப்பது என்கிற இந்தக் கலையை இப்போது மேலாண்மைக் கல்லூரிகளில் லட்சங்கள் வாங்கிக்கொண்டு வேறு பெயரில் சொல்லித் தருகிறார்கள். சென்னைக்குச் சரக்கு வந்த வரலாற்றை எந்தப் பக்கம் புரட்டினாலும் எனக்கு இந்த வைக்கோல் கன்றுக்குட்டி ஓரமாக நிற்பது தெரிகிறது.

மாடு போக மற்றதெல்லாம் படகில் வந்தது. விறகும் வைக்கோலும் பக்கிங்காம் கால்வாய் வழியாக மயிலாப்பூருக்கு வந்து இறங்கின. அதன் தகவல் தொழில்நுட்பம் ஓடிவரும் ஒரு பையன். "படகு வந்துடுத்து!" என்று அவன் தெருவில் கத்தினால் விறகு வந்துவிட்டது, கத்தாவிட்டால் வரவில்லை. இதைவிடத் துல்லியமான ஏற்பாடு அந்தக் கால்வாய்க்கரையில் பிறகு வரவே இல்லை. பையன்தான் வளர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டான்.

தப்பான தகவல் சரக்கைவிட வேகமாகப் போகும் என்பதைப் பட்டணம் இரண்டு முறை பாடம் படித்தது. முதல் முறை 1914 செப்டம்பர் 22. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் ராத்திரியில் வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயே போய்விட்டது. கப்பல் போனது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திரும்பி வரும் என்ற வதந்திக்கு மூட்டை கட்டியவர்கள் ஏராளம். சுட்டது அரை மணி நேரம். நமக்குக் கிடைத்தது நூறு வருஷத்துக்கு ஒரு வசவு. இன்றைக்கும் பிடிபடாத ஆசாமியை 'எம்டன்' என்கிறோம்.

இரண்டாவது முறை 1942 ஏப்ரல். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டான். அடுத்தது நாம்தான் என்று அரசாங்கத்துக்குத் தகவல். அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைக் காலி செய்யலாம் என்று அறிவித்தது. தி.நகரில் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தப்பி வந்துவிடுமே என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். ஜப்பானியப் படை வரவே இல்லை. தகவல் பரிமாற்றக் கோளாறில் இறந்த முதல் சென்னைவாசிகள் என்று அந்தப் புலிகளுக்கு ஒரு நடுகல்லாவது வைத்திருக்கலாம்.

நிஜமான ஆபத்து வேறு பக்கம் வந்தது, அதற்குச் சங்கு ஊதவில்லை. அந்த மார்ச்சிலேயே ரங்கூன் விழுந்துவிட்டது. பட்டணத்துக்கு வந்த அரிசியில் கணிசமான பங்கு பர்மா அரிசி. கப்பல் நின்றது. பெங்களூரில் எம்.டி.ஆர். ஓட்டல்காரர்கள் அரிசி கிடைக்காமல் ரவையில் இட்லி ஊற்றியதாகவும், அதுதான் ரவா இட்லியின் ஜனனம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். நாம் இட்லி கண்டுபிடிக்கவில்லை, அட்டை கண்டுபிடித்தோம். 1943இல் சென்னையில் ரேஷன் வந்தது.

ரேஷன் அட்டையை நாம் சாதாரணமாக நினைத்துவிட்டோம். அது எவ்வளவு பெரிய கனவு என்று யோசியுங்கள். ஊரில் எத்தனை வாய், ஒவ்வொரு வாய்க்கும் எவ்வளவு தானியம், எந்தக் கடையில், எந்த வாரம் என்று அரசாங்கமும் கடைக்காரரும் குடும்பத் தலைவரும் ஒரே கணக்கைப் பார்த்து நடந்துகொள்வது. அட்டையில் ஒரு வரி, கடைப் பதிவேட்டில் ஒரு வரி, ஆபீஸ் பேரேட்டில் ஒரு வரி. மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றும் பொருந்தின, அழகாகப் பொருந்தின. அரிசி மட்டும் அந்தக் கணக்கில் சேராமல் தனியாக எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஏன் போகாது? நாளைக்கு அளந்து கொடுப்பார்கள் என்று தெரிந்தால் எவனும் இன்றைக்கே இரண்டு பங்கு கேட்பான். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஏழு பேர் என்று எழுதுவான். செத்தவர் பெயரை அடிக்க மாட்டான். எங்கள் வீட்டுத் தாத்தா சிவலோகப் பதவி அடைந்து வெகுகாலத்துக்கு அப்புறமும் மாதா மாதம் சர்க்கரை வாங்கினார். திதிக்குச் செய்த பாயசத்தில் அவருடைய பங்குச் சர்க்கரையே விழுந்தது. தற்சார்பு என்றால் அதுதான். மிராசுதாரும் மண்டிக்காரரும் மட்டும் சும்மா இருப்பார்களா? நெல்லை ஒளித்தார்கள். ஒளித்ததால் பஞ்சம், பஞ்சத்தால் ரேஷன், ரேஷனால் ஒளிப்பு.

1952இல் ராஜாஜி முதல்வரானார். பிற்காலத்தில் தி.நகர் பஸ்லுல்லா சாலைவாசி. கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளிருந்து விஷயத்தைப் பார்த்தார். ஜூன் மாதம் உணவுக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார். ஊரே பட்டினி கிடக்கும் என்றார்கள். ஒளிந்திருந்த நெல்லெல்லாம் எங்கிருந்தோ சந்தைக்கு நடந்து வந்தது. கன்றுக்குட்டி வைக்கோல்தான் என்று ஊரறியச் சொல்லிவிட்டார்; பசு அப்படியும் கறந்தது. அடுத்து ஏதாவது செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். குலக்கல்வி என்று ஆரம்பித்தார், அது வேறு கதை.

மழை பொய்த்தால் ராஜாஜி வைத்தியம் வேலை செய்யாது. அறுபதுகளின் நடுவில் மறுபடி அரிசித் தட்டுப்பாடு. திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடாதீர்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொள்ள, ஓட்டல்கள் அன்று மாலை கதவைச் சாத்தின. அப்போதுதான் அண்ணா 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றார். உலகத்தில் எத்தனையோ கம்பெனி மேலாளர்கள் எத்தனையோ இலக்கு எழுதியிருக்கிறார்கள். ஆசை எது, கையில் நிற்பது எது என்று ஒரே மூச்சில், அதுவும் இயைபோடு, பிரித்துச் சொன்னவர் வேறு யாரையும் எனக்குத் தெரியவில்லை. 1967இல் ஆட்சி மாறியது. சென்னையிலும் கோவையிலும் ஒரு படி வந்தது. லட்சியம் லட்சியமாகவே இருந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. கிடங்கு, லாரி, சாக்கு, சணல் எல்லாவற்றுக்கும் அரசாங்க முத்திரை விழுந்தது.

இதற்குள் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் என்பவரின் குழு 1960 வாக்கில் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தது. பீர் விளையாட்டு. சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். ஒருவர் அடுத்தவரோடு பேசக் கூடாது. ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். மயிலாப்பூரில் இதை ஆட முடியாது. பீர் ஒரு காரணம். நான்கு பேர் பேசாமல் உட்கார வேண்டும் என்பது இன்னும் பெரிய காரணம்.

ஆகையால் துவரம்பருப்பில் ஆடிப் பார்ப்போம். கபாலி கோயில் குளத்தங்கரையில் ஒரு மாமி. நியூஜெர்சியிலிருந்து பிள்ளை குடும்பத்தோடு வருகிறான். வழக்கமான ஒரு கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ வாங்குகிறாள். கடைக்காரர் புருவத்தை உயர்த்துகிறார்: பருப்பு ஓட ஆரம்பித்துவிட்டதோ? மூட்டை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி அனுப்புகிறார். கோவிந்தப்ப நாயக்கன் தெரு மொத்த வியாபாரி யோசிக்கிறார்: மயிலாப்பூரில் எல்லாரும் கேட்கிறார்கள், நம்மிடம் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். ஆறு மூட்டை. மில்காரர் ஆறைப் பார்த்து லாரியே சொல்கிறார். குல்பர்காவில் தரகர் காதுக்கு இது போய்ச் சேரும்போது தமிழ்நாடே சாம்பாரில் நீச்சலடிக்கப் போகிறது என்ற நிலைமை. இரண்டு வாரத்தில் பிள்ளை விமானம் ஏறிவிடுகிறான். மாமி வீட்டில் மீதிப் பருப்பு. அடுத்த மாதம் அவள் வாங்கவே இல்லை. கடைக்காரர் ஆர்டரை நிறுத்துகிறார், மொத்த வியாபாரி போனை எடுப்பதில்லை, லாரி பாதி வழியில் நிற்கிறது. மாமி கையில் அசைந்தது இரண்டே கிலோ. சாட்டையின் பிடியில் லேசாகச் சுண்டினால் நுனி எப்படிப் பளாரென்று விழுமோ, அப்படி.

1997இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று பேராசிரியர்கள் இதைச் சாட்டை விளைவு என்றே எழுதினார்கள். நடுப்பெயரைப் பார்த்ததும் எந்தத் தெரு என்று விசாரிக்கக் கை பரபரக்கிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் குழந்தைகளின் இடுப்புக்குக் கட்டும் பேம்பர்ஸ் விற்பனையைப் பார்த்தார்களாம். குழந்தைகள் காலம் தவறாமல், ஒரே அளவில், தங்கள் கடமையைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் கம்பெனிக்கு வந்த ஆர்டர் மட்டும் மலையும் மடுவுமாக இருந்தது. நான்கு காரணம் சொன்னார்கள். ஆர்டரைப் பார்த்தே தேவையை ஊகிப்பது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, விலை ஏற்ற இறக்கம், பற்றாக்குறை நேரத்தில் கூடுதலாகக் கேட்டு வைத்துக்கொள்வது. நாலாவதைத்தான் 45 வருஷம் முன்னால் ராஜாஜி கட்டுரை எழுதாமலே முறித்துக்காட்டினார். எங்கள் தாத்தா அதை இறந்தபிறகும் செய்தார்.

மருந்து என்ன? கடைக் கல்லாவில் நிஜமாக என்ன விற்றது என்பதைச் சங்கிலியில் இருக்கும் எல்லாருக்கும் காட்டிவிடுவது. இதற்கும் ஒரு படகுக் கதை உண்டு. 1987இல் வால்மார்ட் முதலாளி சாம் வால்டனும் பிராக்டர் கம்பெனியின் விற்பனைத் துணைத்தலைவர் லூ பிரிட்செட்டும் அர்க்கன்சாஸில் ஓர் ஆற்றில் துடுப்புப் படகில் போனார்கள். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தும் நாம் ஒருவருக்கொருவர் கணக்கைக் காட்டியதே இல்லையே என்று படகில் ஞானோதயம். 1991இல் வால்மார்ட் 'ரீட்டெயில் லிங்க்' என்று ஒன்றை வைத்து, எந்தக் கடையில் எந்தச் சாமான் எத்தனை போனது என்பதைச் சப்ளை செய்பவர்களுக்கே திறந்துவிட்டது. இந்த இருவரும் அடையாற்றிலோ கூவத்திலோ படகு விட்டிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சீக்கிரம் கரையேறியிருப்பார்கள். உலக வணிகம் இன்னும் பேரேட்டில் இருந்திருக்கும்.

நமக்கு அந்தக் கல்லா வந்த வருஷம் 1996. அந்த வருஷம் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் மூட்டை முடிச்சோடு கோயம்பேட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதே வருஷம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்பென்ஸர் குழுமத்தின் ஃபுட்வேர்ல்ட் முதல் கடையைத் திறந்தது. குளுகுளு அறை, தள்ளுவண்டி, கல்லாவில் 'பீப்'. ஒஹையோ மாகாணத்து டிராய் நகரில் 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் முதல்முதலாகக் கேட்ட சத்தம் அது. ரா.அ.புரத்துக்கு வந்துசேர 22 வருஷம் ஆனது. அண்ணாச்சி கடையில் "கால் கிலோ கடலைப்பருப்பு, நல்லதா" என்று குரல் கொடுத்தே பழகியவர்கள், தாங்களே எடுக்க வேண்டும் என்றதும் திகைத்தார்கள். நான் நேரில் பார்த்தேன்: ஒரு மாமா பாக்கெட்டைக் கிள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மூடிய பிளாஸ்டிக்கில் வாசனை வராததைக் கடைப்பையனிடம் குற்றச்சாட்டாகவே வைத்தார்.

பீப் சத்தம் பரவியது. எல்லாக் கடையிலும் கணினி வந்தது. கூடவே தமிழில் ஒரு புது வாக்கியமும் பிறந்தது. அடையாறில் ஒரு கடை, பெயர் எதற்கு. உளுந்து அப்பளம் கேட்டேன். அலமாரி வெறிச்சென்று கிடந்தது. பையன் திரையைப் பார்த்தான்.

"பதினாலு பாக்கெட் இருக்கு சார்."

"எங்கே?"

"சிஸ்டத்துல இருக்கு சார்."

சொல்லும்போது அவன் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. தலைமை அலுவலகமும், விநியோகஸ்தரும், அப்பளக் கம்பெனியும் அதே பதினாலைத்தான் அந்த நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினாலு இருப்பதால் யாரும் புதிதாக அனுப்ப மாட்டார்கள். ஒரு திரையில் தப்பு இருந்தால் பக்கத்துத் திரையைப் பார்த்துத் திருத்தலாம். எல்லாருக்கும் ஒரே திரை என்றால் தப்புக்கும் தனி மரியாதை வந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் பெரியவர்களும் விலக்கல்ல. உலகத்துக்கே வலைப்பின்னல் சாமான் விற்ற சிஸ்கோ, 2001இல் 220 கோடி டாலர் சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. தட்டுப்பாட்டுக்குப் பயந்து வாடிக்கையாளர்கள் போட்ட இரட்டை ஆர்டர்களை நிஜத் தேவை என்று நம்பியதும் அதற்கு ஒரு காரணம். எவ்வளவு பெரிய பசு, எவ்வளவு பெரிய வைக்கோல்!

நம்முடைய அட்டை என்ன ஆயிற்று? 2005இல் கொடுத்தார்கள். 2009 வரை செல்லும் என்று போட்டிருந்தது. 2009 வந்தது, புது அட்டை வரவில்லை, உள்தாள் வந்தது. அடுத்த வருஷம் இன்னோர் உள்தாள். ஒட்டி ஒட்டி, கோந்து மணத்தோடு, அட்டை கடைசியில் அப்பளக் கட்டு கனத்துக்கு வந்தது. மயிலாப்பூரில் அரிசி வேண்டாத வெள்ளை அட்டைக்காரர்கள்கூட அதை பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கேஸ் இணைப்புக்கு, பாஸ்போர்ட்டுக்கு, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அதன் நகல் தேவைப்பட்டது. சாப்பாட்டுக்கு மட்டும்தான் அது தேவைப்படவில்லை.

2017 ஏப்ரலில் மின்னணு அட்டை வந்தது. கடையில் கருவி, அட்டையைக் காட்டினால் கணக்கு நேராகச் சர்வருக்கு. சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் குடும்பத் தலைவி ஒருவருக்கு வந்த அட்டையில் அவர் படத்துக்குப் பதிலாக நடிகை காஜல் அகர்வால் சிரித்துக்கொண்டிருந்தார். பத்திரிகைகள் ஒரு வாரம் கொண்டாடின. வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

ஆனால் அந்த அட்டை ஒரு காரியம் செய்தது. சாமான் பில் போட்ட உடனே குடும்பத்தலைவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, பாமாயில் ஒன்று. 1943இலிருந்து மேலே இருப்பவர்கள் மட்டும் பார்த்த ஆபீஸ் பேரேட்டை முதல்முறையாக வரிசையில் நிற்பவரும் பார்த்தார். பிரச்சினை என்னவென்றால், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து நெட்டி முறித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் செய்தி வந்ததாகப் பல ஊர்களிலிருந்து புகார். வாங்காத அரிசியை வாங்கியதற்கு நன்றி. என்றாலும் என் பாட்டியாக இருந்தால் இதை முன்னேற்றம் என்றுதான் சொல்லியிருப்பாள். தண்ணீர் எப்போது கலந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இவர்களுக்கு மணி, நிமிஷத்தோடு தெரிந்தது. 2020 அக்டோபரில் விரல் ரேகையும் சேர்ந்தது. அதிலிருந்து பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த விரல்களைச் சேலையில் துடைத்துத் துடைத்துக் கருவியில் வைக்கிறார்கள். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." 'லோடு வரலை' என்பதற்குப் புதிய மொழிபெயர்ப்பு.

போன மாதம் 31ஆம் தேதி ராத்திரி எட்டரைக்கு எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் நின்றேன். சோப்புக் கம்பெனி விற்பனைப் பையன், கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் கண்ணீர் மட்டும்தான் பாக்கி.

"அண்ணாச்சி, நாலு பெட்டி மட்டும் போட்டுக்கறேன். டார்கெட்டுக்கு அவ்ளோதான் குறையுது. அஞ்சாம் தேதி நானே ரெண்டைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"போன மாசம் போட்டதே பரண்ல கெடக்கு தம்பி."

"இந்த ஒரு தடவை அண்ணாச்சி."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். பையன் திரையில் விரலை வைத்தான். டிங். பம்பாயில் ஏதோ ஒரு மாடியில் ஒரு கோடு குபீரென்று மேலே ஏறியிருக்கும். மயிலாப்பூர் திடீரென்று குளிக்க ஆரம்பித்துவிட்டது என்று யாரோ குறித்துக்கொண்டிருப்பார்கள். எங்கோ ஓர் ஆலையில் கூடுதல் ஷிப்ட் போட்டிருப்பார்கள். மாதம் தவறாமல், மாதக் கடைசியில் மட்டும், நாங்கள் அப்படி விழுந்து விழுந்து குளிக்கிறோம்.

"ஏல, ஏணிய எடு" என்று அண்ணாச்சி உள்ளே குரல் கொடுத்தார். பெட்டிகள் பரணில் ஏறின. ஒன்று மட்டும் ஏறவில்லை, இடமில்லை. அண்ணாச்சி அதைக் கவுண்டர் மேல் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்களுக்கு என்ன, பருப்பா? சோப்பு ரெண்டு வெச்சிரட்டுமா?"

வீட்டில் ஆறு இருந்தது. பரவாயில்லை, வையுங்கள் என்றேன்.